ஸ்பானிய மொழியில் கற்பனை நிபந்தனை வாக்கியங்கள்

கற்பனை நிபந்தனை வாக்கியம் என்பது, இப்போது இல்லாத ஒன்றையோ, நடக்க வாய்ப்புக் குறைந்த ஒன்றையோ, முன்பு நடக்காமல் போன ஒன்றையோ நடந்ததாக வைத்துக்கொண்டு, அதன் விளைவைச் சொல்லும் வாக்கியம் ஆகும். தமிழில் "இருந்தால்", "வந்தால்" என வினையோடு சேரும் "ஆல்" விகுதி செய்யும் வேலையை ஸ்பானிய மொழியில் "ஸி" என்னும் தனிச்சொல் செய்கிறது. ஆனால் "ஸி" மட்டும் ஒரு வாக்கியத்தைக் கற்பனையாக ஆக்குவதில்லை. அதை அடுத்து வரும் வினை எந்த வடிவத்தில் நிற்கிறது என்பதே பேசுபவர் அந்த நிபந்தனையை எவ்வளவு நம்புகிறார் என்பதைக் காட்டுகிறது.

இந்த வேறுபாட்டை ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். "பணம் இருந்தால் வீடு வாங்குவேன்" என்று இருவர் சொல்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு அடுத்த மாதம் பணம் வரக்கூடும். மற்றவரிடம் பணமும் இல்லை, வரும் வழியும் இல்லை. தமிழில் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லலாம். சூழலையும் குரலையும் வைத்துக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஸ்பானிய மொழியில் இது இயலாது. முதலாமவர் ஒரு வினைவடிவத்தையும் இரண்டாமவர் வேறொரு வினைவடிவத்தையும் பயன்படுத்தியே ஆக வேண்டும். தமிழ் வழியே ஸ்பானியம் கற்போருக்கு இப்பாடம் கடினமாகத் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

எழுத்துமுறை பற்றிய குறிப்பு

இக்கட்டுரையில் ஸ்பானியச் சொற்கள் இலத்தீன் அமெரிக்க உச்சரிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தமிழின் வல்லின எழுத்து ஒன்றே இரண்டு ஒலிகளைக் குறிக்கிறது. பணம் என்னும் பொருளுடைய "தினேரோ" என்ற சொல்லின் முதல் ஒலி, "தினம்" என்பதைப் பேச்சில் ஒலிக்கும்போது வருவது போன்றது. சொல்லின் நடுவே நெடிலாக எழுதப்பட்ட அசையில் அழுத்தம் விழும். சொல்லின் இறுதி உயிர் தமிழ் வழக்கப்படி நெடிலாகவே எழுதப்பட்டுள்ளது.

வாக்கியத்தின் இரு பகுதிகள்

எந்த நிபந்தனை வாக்கியத்திலும் இரண்டு பகுதிகள் உள்ளன. "ஸி"யில் தொடங்குவது நிபந்தனைப் பகுதி. அதன் பயனைச் சொல்வது விளைவுப் பகுதி. எது முன்னால் வந்தாலும் பொருள் மாறாது. நிபந்தனைப் பகுதி முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடப்படும்; பின்னால் வந்தால் பெரும்பாலும் இடப்படுவதில்லை. "ஸி" என்ற சொல்லின் மேல் அழுத்தக்குறி இடக் கூடாது. இட்டால் அது "ஆம்" என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும்.

மூன்று படிகள்

பாடநூல்கள் நிபந்தனை வாக்கியங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கின்றன. உண்மை நிலையிலிருந்து படிப்படியாக விலகிச் செல்லும் மூன்று படிகளாக இவற்றை நினைவில் கொள்ளலாம்.

1. நடக்கக்கூடிய நிபந்தனை. நிபந்தனைப் பகுதியில் சாதாரண நிகழ்காலமும், விளைவுப் பகுதியில் நிகழ்காலம், எதிர்காலம், ஏவல் ஆகியவற்றுள் ஒன்றும் வரும்.
"ஸி தேங்கோ தினேரோ, கொம்ப்ரரே ஊனா காஸா." – பணம் இருந்தால் வீடு வாங்குவேன் (இருக்கக்கூடும்).

2. நிகழ்காலக் கற்பனை. நிபந்தனைப் பகுதியில் சார்புநிலை இறந்தகாலமும், விளைவுப் பகுதியில் நிபந்தனைக் காலமும் வரும்.
"ஸி துபியேரா தினேரோ, கொம்ப்ரரீயா ஊனா காஸா." – பணம் இருந்தால் வீடு வாங்குவேன் (ஆனால் இல்லை).

3. இறந்தகாலக் கற்பனை. நிபந்தனைப் பகுதியில் "உபியேரா" என்ற துணைவினையும் எச்சமும், விளைவுப் பகுதியில் "அப்ரீயா" என்ற துணைவினையும் எச்சமும் வரும்.
"ஸி உபியேரா தெனீதோ தினேரோ, அப்ரீயா கொம்ப்ராதோ ஊனா காஸா." – பணம் இருந்திருந்தால் வீடு வாங்கியிருப்பேன்.

மூன்றாம் படி தமிழருக்கு எளிது. "இருந்திருந்தால் – வாங்கியிருப்பேன்" என்று தமிழும் இதற்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. சிக்கல் முதல் இரண்டு படிகளில்தான். தமிழின் "இருந்தால்" ஒன்று. ஸ்பானியத்தின் "தேங்கோ", "துபியேரா" இரண்டு.

இது வெறும் இலக்கணப் பிழை பற்றிய விஷயம் அன்று. ஒரு விருந்துக்கு அழைத்தவரிடம் "ஸி புவேதோ, போய்" என்று சொன்னால், "முடிந்தால் வருகிறேன்" என்று பொருள். அவர் ஓர் இருக்கையை ஒதுக்கி வைக்கலாம். "ஸி புதியேரா, இரீயா" என்று சொன்னால், "முடியுமானால் வருவேன்தான், ஆனால் முடியாது" என்று பொருள். அது பணிவான மறுப்பு. இரண்டையும் "முடிந்தால்" என்ற ஒரே சொல்லால் மனத்தில் மொழிபெயர்த்துப் பழகியவர், வர நினைத்துக்கொண்டே மறுத்துவிட நேரும்.

சார்புநிலை இறந்தகாலத்தை அமைக்கும் முறை

ஸ்பானிய வினைகள், நடப்பதை நடப்பதாகச் சொல்லும் சுட்டுநிலையிலும், விருப்பம், ஐயம், கற்பனை போன்றவற்றைச் சார்ந்து வரும் சார்புநிலையிலும் வருகின்றன. "துபியேரா" என்பது சார்புநிலையின் இறந்தகால வடிவம். இதை அமைப்பதற்கு விதிவிலக்கே இல்லாத ஒரு வழி உண்டு. எளிய இறந்தகாலத்தில் "அவர்கள்" என்பதற்குரிய வடிவத்தை எடுத்து, இறுதியிலுள்ள "ரோன்" என்பதை நீக்கி, "ரா" சேர்க்க வேண்டும்.

அப்லார் (பேசு): அப்லாரோன் – அப்லாரா
கொமேர் (உண்): கொமியேரோன் – கொமியேரா
பிபீர் (வாழ்): பிபியேரோன் – பிபியேரா
தெனேர் (உடைத்தாயிரு): துபியேரோன் – துபியேரா
பொதேர் (இயலு): புதியேரோன் – புதியேரா
அஸேர் (செய்): இஸியேரோன் – இஸியேரா
தெஸீர் (சொல்): திஹேரோன் – திஹேரா
ஸேர் (ஆக இரு), ஈர் (போ): ஃபுவேரோன் – ஃபுவேரா

கடைசி வரியில் உள்ளபடி, "ஆக இரு", "போ" என்னும் இரண்டு வினைகளுக்கும் வடிவம் ஒன்றே. சூழலே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

"பேசு" என்ற வினை எல்லா இடங்களிலும் இவ்வாறு வரும்: நான் – அப்லாரா, நீ – அப்லாரஸ், அவர் – அப்லாரா, நாங்கள் – அப்லாரமோஸ், நீங்கள் (ஸ்பெயின் வழக்கு) – அப்லாரைஸ், அவர்கள் – அப்லாரன். அழுத்தம் இங்கே மிகவும் முக்கியம். நடு அசையில் அழுத்தினால் "அப்லாரா" என்ற சார்புநிலை வடிவம் கிடைக்கும். இறுதி அசையில் அழுத்தினால் அது "அப்லரா" என்றாகி, "அவர் பேசுவார்" என்ற எதிர்காலமாக மாறிவிடும்.

"ரா" வடிவத்திற்கு இணையாக "ஸே" வடிவமும் உண்டு: அப்லாஸே, துபியேஸே, ஃபுவேஸே. நிபந்தனைப் பகுதியில் இரண்டும் ஒரே பொருள் தரும். பேச்சில் "ரா" வடிவமே மிகுதியாக வழங்குகிறது. இலத்தீன் அமெரிக்காவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கற்போர் "ரா" வடிவத்தைப் பேசப் பழகி, "ஸே" வடிவத்தைப் படித்தால் அடையாளம் காணப் பழகினால் போதுமானது.

இறந்தகாலத்திலிருந்து பிறந்த வடிவம் நிகழ்காலக் கற்பனையைக் குறிப்பது விந்தையாகத் தோன்றலாம். தமிழும் இதற்கு ஒப்பான ஒன்றைச் செய்கிறது. "நாளை வந்தால்" என்பதில் உள்ள "வந்த்" என்பது இறந்தகால அடியே. ஆயினும் யாரும் அதை நேற்றைய நிகழ்ச்சியாகக் கொள்வதில்லை. வேறுபாடு என்னவென்றால், தமிழ் இந்த அடியை எல்லா நிபந்தனைகளுக்கும் பயன்படுத்துகிறது. ஸ்பானியம் அதைக் கற்பனைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது.

நிபந்தனைக் காலத்தை அமைக்கும் முறை

விளைவுப் பகுதியில் வரும் "கொம்ப்ரரீயா" போன்ற வடிவம் நிபந்தனைக் காலம் எனப்படுகிறது. வினையின் முழு வடிவத்தோடு "ஈயா" சேர்த்தால் இது கிடைக்கும்: அப்லார் – அப்லரீயா, கொமேர் – கொமெரீயா, பிபீர் – பிபிரீயா. இடத்திற்கேற்ப விகுதி மாறும்: நான் – அப்லரீயா, நீ – அப்லரீயஸ், அவர் – அப்லரீயா, நாங்கள் – அப்லரீயமோஸ், நீங்கள் – அப்லரீயைஸ், அவர்கள் – அப்லரீயன்.

12 அடிப்படை வினைகளில் மட்டும் அடி சற்றுக் குறுகியோ திரிந்தோ வரும். எதிர்காலத்திலும் இவை இதே அடியைக் கொள்வதால் ஒருமுறை கற்றால் இரண்டுக்கும் உதவும்.

தெஸீர் (சொல்) – திரீயா
அஸேர் (செய்) – அரீயா
பொதேர் (இயலு) – பொத்ரீயா
பொனேர் (வை) – பொந்த்ரீயா
கெரேர் (விரும்பு) – கெர்ரீயா
ஸபேர் (அறி) – ஸப்ரீயா
ஸலீர் (வெளியே செல்) – ஸல்த்ரீயா
தெனேர் (உடைத்தாயிரு) – தெந்த்ரீயா
பெனீர் (வா) – பெந்த்ரீயா
அபேர் (துணைவினை) – அப்ரீயா
கபேர் (அடங்கு) – கப்ரீயா
பலேர் (மதிப்புப் பெறு) – பல்த்ரீயா

பெயரால் வரும் குழப்பம்

"நிபந்தனைக் காலம்" என்ற பெயர் கற்போரை எளிதில் ஏமாற்றும். பெயரைப் பார்த்து அது நிபந்தனைப் பகுதியில் வரும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது விளைவுப் பகுதிக்கு உரியது. "ஸி தெந்த்ரீயா தினேரோ" என்பது செந்தர ஸ்பானியத்தில் பிழை. "ஸி துபியேரா தினேரோ" என்பதே சரி.

ஸ்பெயினின் வடபகுதியில், குறிப்பாக பாஸ்க் நாட்டிலும் அதை ஒட்டிய சில பகுதிகளிலும், ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலர் பேச்சில் "ஸி தெந்த்ரீயா" என்றே சொல்வதுண்டு. அது அப்பகுதியின் வட்டார வழக்கு. பள்ளியிலும் தேர்விலும் எழுத்திலும் அது ஏற்கப்படுவதில்லை.

இவ்வடிவத்திற்கு வேறு பெயரும் உண்டு. கராகஸில் பிறந்து சிலியில் பணியாற்றிய அறிஞர் அந்திரேஸ் பெயோ, 1847இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில் இதற்கு "போஸ்ப்ரெதேரிதோ", அதாவது "இறந்தகாலத்திற்குப் பின்னானது" என்று பெயரிட்டார். மெக்சிகோவின் பாடநூல்களில் இப்பெயர் இன்றும் காணப்படுகிறது. "தீஹோ கே பெந்த்ரீயா" (வருவதாகச் சொன்னார்) என்னும் வாக்கியத்தில், சொன்னது இறந்தகாலம். வருவது அதற்குப் பிந்தியது. பெயோ வைத்த பெயர் இந்தப் பயனைத் தெளிவாகக் காட்டுகிறது. முன்பு தனி வினைநிலையாகவும் எண்ணப்பட்ட இவ்வடிவத்தை, ஸ்பானிய அரச மொழிக்கழகம் பிற நாட்டு மொழிக்கழகங்களோடு சேர்ந்து 2009 முதல் வெளியிட்ட புதிய இலக்கணம் சுட்டுநிலையின் காலங்களுள் ஒன்றாகவே வைக்கிறது.

"ஆல்" என்னும் "ஸி", "ஆ" என்னும் "ஸி"

நிபந்தனையைக் குறிக்கும் "ஸி"க்குப் பின் எதிர்காலமோ நிபந்தனைக் காலமோ வருவதில்லை. ஆனால் "நோ ஸே ஸி பெந்த்ரா" என்ற வாக்கியம் முற்றிலும் சரியானது. இதில் "ஸி"க்குப் பின் எதிர்காலம் நிற்கிறது. இது எப்படி என்று மாணவர்கள் குழம்புவதுண்டு.

தமிழ் அறிந்தவருக்கு இதைத் தீர்க்க எளிய வழி உள்ளது. இந்த வாக்கியத்தின் பொருள் "அவர் வருவாரா என்று தெரியாது" என்பதாகும். இங்கே "ஸி" என்பது தமிழின் "ஆ" என்னும் வினா விகுதிக்கு ஈடாக வந்துள்ளது. "ஆல்" என்பதற்கு ஈடாக வரவில்லை. அதேபோல் "மே ப்ரெகுந்தோ ஸி பெந்த்ரீயா" என்றால் "வருவேனா என்று என்னிடம் கேட்டார்" என்று பொருள். ஆகவே, தமிழில் "ஆல்" வந்தால் எதிர்காலமும் நிபந்தனைக் காலமும் கூடாது; "ஆ" வந்தால் இரண்டும் வரலாம். பிற மொழி வழியே ஸ்பானியம் கற்போர் பலருக்கு இல்லாத இந்த வசதி, இரண்டையும் தனித்தனி விகுதிகளால் காட்டும் தமிழருக்கு உண்டு.

இறந்தகாலத்தில் உண்மையும் கற்பனையும்

இறந்தகாலத்தைப் பற்றிய நிபந்தனைகள் எல்லாமே கற்பனை அல்ல. "ஸி தெனீயா தியேம்போ, லெயீயா" என்றால், "நேரம் கிடைத்தால் படிப்பார்" என்று பழைய வழக்கம் ஒன்றைச் சொல்வதாகும். நேரம் கிடைத்ததும் உண்டு, படித்ததும் உண்டு. ஆகவே இங்கே சுட்டுநிலையின் தொடர் இறந்தகாலம் வருகிறது. நேரம் கிடைக்காமலே போயிருந்தால், "ஸி உபியேரா தெனீதோ தியேம்போ, அப்ரீயா லெயீதோ" (நேரம் கிடைத்திருந்தால் படித்திருப்பார்) என்று சொல்ல வேண்டும்.

இறந்தகாலக் கற்பனையின் விளைவுப் பகுதியில் "அப்ரீயா" என்பதற்குப் பதிலாக "உபியேரா" வருவதும் ஏற்கத்தக்கது: "ஸி உபியேரா எஸ்துதியாதோ, உபியேரா அப்ரொபாதோ" (படித்திருந்தால் தேறியிருப்பேன்). ஆனால் நிபந்தனைப் பகுதியில் "அப்ரீயா" வரக் கூடாது.

எச்சங்களில் சில விதிப்படி வாராதவை. சொல் – தீச்சோ. செய் – ஏச்சோ. காண் – பீஸ்தோ. எழுது – எஸ்க்ரீதோ. வை – புவேஸ்தோ.

கலப்பு நிபந்தனை

நிபந்தனை இறந்தகாலத்திலும் விளைவு நிகழ்காலத்திலும் அமையலாம். அப்போது மூன்றாம் படியின் நிபந்தனைப் பகுதியும் இரண்டாம் படியின் விளைவுப் பகுதியும் சேரும். "ஸி உபியேரஸ் கொமீதோ, நோ தெந்த்ரீயஸ் ஆம்ப்ரே" – நீ சாப்பிட்டிருந்தால் (இப்போது) பசித்திருக்காது. ஒவ்வொரு பகுதியும் தன் காலத்தைத் தானே முடிவு செய்கிறது என்று கொண்டால் இதில் குழப்பம் எழாது.

இதே வடிவங்கள் வரும் பிற இடங்கள்

"கோமோ ஸி" (போல): "ஆப்லா கோமோ ஸி ஃபுவேரா ரேய்" – தான் அரசன் என்பதுபோலப் பேசுகிறான். "கோமோ ஸி"க்குப் பின் சார்புநிலை இறந்தகால வடிவங்களே வரும்.

"ஒஹலா" (ஆசை): "ஒஹலா புதியேரா" – முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இச்சொல் ஸ்பெயினில் வழங்கிய அரபு மொழியிலிருந்து வந்தது.

"யோ கே தூ" (நானாக இருந்தால்): "யோ கே தூ, நோ இரீயா" – உன் இடத்தில் நான் இருந்தால் போக மாட்டேன். இதில் "ஸி" இல்லை. விளைவுப் பகுதியே கற்பனையைக் காட்டிவிடுகிறது.

"தே" உடன் வினையின் முழு வடிவம்: "தே அபேர்லோ ஸபீதோ, நோ அப்ரீயா பெனீதோ" – அது தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

பணிவு: கடையில் "கிஸியேரா உன் கஃபே" (ஒரு காப்பி வேண்டும்) என்பதும், "மே குஸ்தரீயா" (எனக்கு விருப்பம்) என்பதும் மரியாதையான வழக்குகள். கற்பனை போல விலக்கிச் சொல்வதால் கேட்பது வற்புறுத்தலாக இல்லாமல் மென்மை பெறுகிறது.

வடிவங்களின் வரலாறு

இலத்தீன் மொழியில் கற்பனை நிபந்தனையின் இரு பகுதிகளிலும் சார்புநிலை வினையே வந்தது. நிபந்தனைக் காலம் என்ற தனி வடிவம் அதில் இல்லை. பிற்காலத்தில் வினையின் முழு வடிவத்தோடு, "அபேர்" வினையின் தொடர் இறந்தகாலமாகிய "அபீயா" சேர்ந்து ஒட்டியதால் இன்றைய "அப்லரீயா" உருவானது. இறுதியில் உள்ள "ஈயா" அதன் எச்சமே. "ஸே" வடிவம் இலத்தீனின் சார்புநிலை முற்றிறந்தகாலத்திலிருந்தும், "ரா" வடிவம் சுட்டுநிலை முற்றிறந்தகாலத்திலிருந்தும் வந்தவை. வெவ்வேறு மூலம் கொண்ட இரண்டும் காலப்போக்கில் ஒரே பணியில் சேர்ந்துவிட்டன. "துபியேரே" போன்ற சார்புநிலை எதிர்காலம் இன்று பேச்சில் இல்லை. சட்ட நூல்களின் நிபந்தனைத் தொடர்களிலும் சில பழமொழிகளிலும் மட்டும் எஞ்சியுள்ளது.

கற்போர் செய்யும் பிழைகள்

"ஸி"க்குப் பின் எதிர்காலத்தை வைத்தல்: "ஸி யொபெரா" என்பது பிழை, மழை பெய்தால் என்பதற்கு "ஸி யுவேபே" என்பதே சரி.

"ஸி"க்குப் பின் சார்புநிலை நிகழ்காலத்தை வைத்தல்: "ஸி தேங்கா" என்பது பிழை. "என் காஸோ தே கே" (ஒருவேளை) என்ற தொடருக்குப் பின்தான் அவ்வடிவம் வரும்: "என் காஸோ தே கே யுவேபா".

இரு பகுதிகளிலும் நிபந்தனைக் காலத்தை வைத்தல்: தமிழில் எண்ணி அப்படியே மாற்றும்போது நிகழ்வது.

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களை எந்தப் படியில் வைப்பது என்று முதலில் எண்ணிப் பார்த்து, பிறகு விடையோடு ஒப்பிடலாம்.

1. (வானம் கறுத்திருக்கிறது.) மழை பெய்தால் வெளியே போக மாட்டோம்.
2. நான் நீயாக இருந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.
3. நீ என்னிடம் சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.
4. அவள் வருவாளா என்று தெரியாது.

விடைகள்

1. "ஸி யுவேபே, நோ ஸல்த்ரேமோஸ்." மழை பெய்யக்கூடும், ஆகவே முதற்படி.
2. "ஸி யோ ஃபுவேரா தூ, நோ அஸெப்தரீயா." ஒருவர் மற்றவராக முடியாது, ஆகவே இரண்டாம் படி.
3. "ஸி மே லோ உபியேரஸ் தீச்சோ, அப்ரீயா பெனீதோ." சொல்லவில்லை, வரவில்லை, ஆகவே மூன்றாம் படி.
4. "நோ ஸே ஸி பெந்த்ரா." இது நிபந்தனை அன்று, "ஆ" என்னும் வினா.

வாக்கியத்தைத் தொடங்கும் முன், "இது நடக்கக்கூடியதா, நடக்காததா, நடக்காமல் போனதா" என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம். தமிழில் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலே "இருந்தால்" என்று பேசிவிடலாம். ஸ்பானியத்தில் விடை தெரிந்த பிறகே வினையைத் தேர்ந்தெடுக்க முடியும். விடை தெரிந்துவிட்டால் வடிவம் தானே பின்தொடரும்.